பனியிலும் சைக்கிள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் வேறு எதையோ சொல்லும்போது, பின்லாந்தின் ஔலு நகரில் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதைப் பற்றித்தான். எனக்கு ஆற்றுக்குத் தெற்கே வீடு, வடக்கே லின்னன்மாவில் ஆய்வக வேலை. நடுவில் சுமார் 7 கிலோமீட்டர். மன்னார்குடியில் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளில் ஆரம்பித்த பழக்கம், இங்கே வந்தும் விடவில்லை.

என் மகன் நீங்கள் இருக்கும் ஔலுவில்தான் மேல்படிப்பு படிக்கிறான். மைனஸ் 20 டிகிரியில் சைக்கிளில் போகிறானாம். வீடியோ காலில் பார்த்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. எனக்குத் தூக்கமே வருவதில்லை. நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லம்மா.
– வாசகி, மதுரை

அம்மா, என் அம்மாவும் முதல் வருஷம் முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். புருவத்தில் இருக்கும் வெள்ளை, அவன் விட்ட மூச்சின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டது. கட்டடத்துக்குள் போன இரண்டு நிமிஷத்தில் தண்ணீராகி வழிந்துவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இந்த ஊரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே சுமார் 170 கிலோமீட்டரில், இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். இங்கே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான பாதை மட்டும் 900 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலும் கார் ஓடும் சாலையை ஒட்டி இல்லாமல், மரங்களுக்கு நடுவே தனியாகப் போகும். பெரிய சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கப் பாதை உண்டு. இரவில் பனி கொட்டினால், முக்கியமான பாதைகளில் காலை ஏழு மணிக்குள் வண்டி வந்து வழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. குளிர்கால சைக்கிளுக்கென்றே ஓர் உலக மாநாடு நடக்கிறது. அதன் முதல் கூட்டம் 2013-இல் இங்கேதான் கூடியது. நடுக்குளிரில்கூட ஊர்ப் பயணங்களில் சுமார் 12 சதவீதம் சைக்கிளில் நடக்கிறது. உங்கள் மகனுக்கு முன்னாலும் பின்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு தனியாக மிதித்துக்கொண்டு போவார்கள்.

இன்னொரு விஷயம். இங்கே பாதையில் இருக்கும் பனியைத் தார் தெரிகிற அளவுக்குச் சுரண்டுவதில்லை. ஓர் அடுக்கை விட்டுவைத்து இறுக்குகிறார்கள். வழிக்கும் வண்டியின் பல்வைத்த அலகு அதன்மேல் நெருக்கமாகக் கோடு கிழித்துவிட்டுப் போகும். மைனஸ் 15-க்குக் கீழே போய்விட்டால் அந்தப் பரப்பு உப்புத்தாள் மாதிரி டயரைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. நான் பயப்படுவது பூஜ்ஜியம் டிகிரிக்குத்தான். பகலில் உருகி, ராத்திரி இறுகி, காலையில் பனிக்கட்டி மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும் நாட்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அப்படி நிறைய வரும். குளிர் குறைந்துவிட்டதே என்று எல்லாரும் சந்தோஷப்படும் அன்றுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

ஆகவே அவனிடம் ‘இன்றைக்கு எத்தனை டிகிரி’ என்று கேட்காதீர்கள். ‘முன்சக்கரத்தில் ஆணி டயர், அதாவது பனியில் வழுக்காமல் இருக்கச் சின்ன உலோக ஆணிகள் பதித்த டயர், இருக்கிறதா? விளக்கு எரிகிறதா?’ என்று கேளுங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் மொத்தமே மூன்றரை மணி நேரம்தான். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு விளக்கும் சட்டப்படியே கட்டாயம். இரண்டு கேள்விக்கும் ‘இருக்கிறது’ என்று சொன்னால் நிம்மதியாகப் படுங்கள் அம்மா.

தம்பரேயில் படிக்க வந்திருக்கிறேன் அக்கா. கையில் காசு குறைவு. பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். ஆணி டயர் இரண்டு வாங்கினால் சைக்கிள் விலையைவிட அதிகமாகிறது. ஒன்று மட்டும் வாங்கினால் போதுமா?
– வாசகர், தம்பரே

ஒன்றுதான் முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்குங்கள் தம்பி. பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் ஒரு பக்கம் ஆடும், சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்ற நேரம் கிடைக்காது. தோளோ இடுப்போ தரையில் இருக்கும். அடுத்த வருஷம் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளூரில் கிடைக்கும் ஹக்கபெலீட்டா டயரில் 106 ஆணி உள்ளதும் 240 ஆணி உள்ளதும் உண்டு. ஒழுங்காகப் பனி வழிக்கும் பாதையில் மட்டும் போகிறவருக்கு 106 போதும். குண்டும் குழியுமாக உறைந்த தடத்தில் போக வேண்டுமென்றால் 240 நல்லது. அதில் ஓரத்திலும் ஆணி இருப்பதால் தடத்தின் சுவரில் ஏறி வெளியே வர முடியும். ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடில் இருக்க வேண்டும். சாதா இரும்பு ஆணி தாரில் உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். புது டயரைப் போட்டதும் முதல் 50 கிலோமீட்டர் வெறும் தாரில் நிதானமாக ஓட்டுங்கள், ஆணிகள் ரப்பருக்குள் நன்றாக உட்காரட்டும். கடகடவென்று சத்தம் வரும், அது அப்படித்தான்.

பழைய சைக்கிள் என்று வருத்தப்பட வேண்டாம். இங்கே பலரும் ஓட்டுவது கியர் இல்லாத, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிளைத்தான். அந்த பிரேக் பின்சக்கர அச்சுக்குள்ளேயே இருக்கிறது. பனிச்சேறு அண்டாது, உறைவதற்கு ஒயரும் கிடையாது. பல கியர் வைத்த சைக்கிளின் பின்பக்கத்தில் சேறு புகுந்து ராத்திரி உறைந்தால், காலையில் எந்தப் பல்லில் நின்றதோ அதிலேயே வீடு வரைக்கும் மிதிக்க வேண்டியதுதான்.

காற்று விஷயமும் சொல்லிவிடுகிறேன். 20 டிகிரி இருக்கும் அறையில் டயருக்கு 4 ‘பார்’ அழுத்தத்தில் காற்று அடித்துவிட்டு மைனஸ் 20-இல் வெளியே நிறுத்தினால், எங்கும் கசியாமலே அது 3.3 பார் ஆகிவிடும். குளிரில் காற்று சுருங்குவதால் வருவது இது. பஞ்சர் என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். வழுக்கும் நாட்களில் கொஞ்சம் தளர்ந்த டயர் நல்லதும்கூட.

ஓட்டும் முறை? வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். வளையும்போது பிரேக்கைத் தொடாதீர்கள், மிதிக்கவும் வேண்டாம், சைக்கிளைச் சாய்க்காமல் அகலமாகத் திருப்புங்கள். பளபளவென்று தெரியும் இடத்தில் ஹேண்டிலை நேராகப் பிடித்து உருள விடுங்கள். சீட்டை ஒரு விரல் இறக்கி வைத்தால் இரண்டு காலும் தரைக்கு எட்டும். முதல் குளிர்காலத்துக்கு அது பெரிய தைரியம்.

ஊரில் அப்பா சைக்கிள் செயினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் பூசுவார். இங்கும் அதையே பாவிக்கலாமா? பூட்டும் அடிக்கடி உறைந்துபோகிறது. சுடுதண்ணீர் ஊற்றினால் திறக்கிறது, ஆனால் அடுத்த நாள் இன்னும் மோசமாக இருக்கிறது.
– வாசகர், ஒஸ்லோ

எங்கள் வீட்டிலும் தேங்காய் எண்ணெய்தான், கடைக்காரர் என்றால் பழைய இன்ஜின் ஆயில். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைய ஆரம்பித்துவிடும். மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்தது ஞாபகம் இருக்கும். ஒஸ்லோ குளிரில் செயின் இணைப்புகளுக்குள் அது கட்டியாகி நின்றுவிடும். கடையில் ஈரக் காலத்துக்கென்று விற்கும் செயின் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் வாங்குங்கள், ஒரு குளிர்காலம் வரும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஊற விட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே வழியும் எண்ணெயில் மண்தான் ஒட்டும்.

பூட்டில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். இன்றைக்குத் திறந்துவிடும் தண்ணீரே நாளைக்குப் பனிக்கட்டி. ஆல்கஹால் கலந்த கை சுத்திகரிப்பான் எல்லார் பையிலும் இருக்கிறது. சாவியில் அதைத் தடவி மெதுவாக உள்ளே விட்டு ஆட்டினால் பனி இளகும். அன்று மாலையே வீட்டுக்குள் வைத்து நன்றாகக் காயவிட்டு, பூட்டுக்கான எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள்.

இன்னொன்று. சைக்கிளை ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவந்து, காலையில் ஈரத்தோடு வெளியே எடுப்பவர்கள் நிறைய பேர். உள்ளே வந்ததும் குளிர்ந்த இரும்பில் ஈரம் கோக்கும், அது பிரேக் ஒயருக்குள் இறங்கும், வெளியே போன பத்தாவது நிமிஷம் உறைந்து பிரேக் மாட்டிக்கொள்ளும். வெளியே என்றால் முழுக் குளிர்காலமும் வெளியே, உள்ளே என்றால் முழுசாகக் காயும் வரை உள்ளே. கடுங்குளிரில் பெடல் வெறுமனே சுற்றி, சக்கரம் அசையாமல் இருந்தால் பதற வேண்டாம். ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் இறுகி, பல் பிடிக்காமல் கிடக்கிறது. ஒரு நாள் சூட்டில் வைத்தால் விட்டுவிடும். மறுபடியும் வந்தால் கடையில் கொடுத்து, குளிருக்கு இறுகாத கிரீஸாக மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கிறேன். உங்கள் ஊரில் மைனஸ் 20-இலும் ஓட்டுகிறீர்கள். இங்கே மைனஸ் 5-க்கே எனக்குப் போதும் போதும் என்றாகிறது. நான்தான் பயந்தாங்கொள்ளியா?
– வாசகர், டொரொன்டோ

நிச்சயமாக இல்லை. உங்கள் ஊர்க் குளிர் சைக்கிளுக்கு எங்கள் ஊர்க் குளிரைவிடக் கஷ்டமானது. டொரொன்டோவில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் குளிர்காலம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். பனி உருகிச் சாம்பல் நிறச் சேறாகி, நீங்கள் ஓட்ட வேண்டிய ஓரத்துக்கே தள்ளப்படுகிறது. சுமார் மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதா உப்பும் பெரிதாக வேலை செய்யாது, அந்தச் சேறு அப்படியே கரடாக இறுகிவிடும். இங்கே எங்கள் பாதையில் உப்புக்குப் பதில் பொடிச் சரளை தூவுகிறார்கள். வசந்தத்தில் அதனால் பஞ்சர் வரும், ஆனால் செயின் பிழைக்கும்.

உங்களுக்குச் சொல்வதெல்லாம் சைக்கிளைக் கழுவுவது பற்றித்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரைச் செயின்மேலும் பிரேக்மேலும் மெதுவாக ஊற்றி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். உறையும் குளிரில் வெளியே வைத்து இதைச் செய்யக் கூடாது, உள்ளே காய்கிற இடம் வேண்டும். அதற்கு வழியில்லையா, துடைப்பதையும் எண்ணெயையும் மட்டுமாவது விடாதீர்கள். முழு நீள மட்கார்டு கட்டாயம். டவுன்டவுன் பக்கம் போனால் டிராம் தண்டவாளத்தை நேர் குறுக்காக மட்டும் கடந்து போங்கள். ஈரமான தண்டவாளம் சாய்வாகப் போகும் டயரை இழுத்துப் போட்டுவிடும். பாதி வழியில் முடியவில்லை என்றால் உங்கள் நகரப் பஸ்ஸான டிடிசியின் முன்னால் இரண்டு சைக்கிள் மாட்டும் தாங்கி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கமே வேண்டாம்.

தன் ஊரில் பனியில் சைக்கிள் ஓட்ட முடியவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது அந்த ஊர் நகராட்சி பாதையை எப்போது வழிக்கிறது என்றுதான். ஓட்டுகிறவரின் வீரத்தில் இது நடப்பதில்லை. காலை வேலை நேரத்துக்கு முன்னால் பாதை வழித்திருந்தால் பாட்டிமார்களும் ஓட்டுவார்கள். என் வழியிலேயே பார்க்கிறேன், முன்கூடையில் காய்கறிப் பையோடு போகிறார்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பாதை, எந்த நாள், எத்தனை மணிக்கு வழிக்காமல் கிடந்தது என்று குறித்து எழுதுங்கள். பொதுவாகப் புலம்பி எழுதும் கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை.

எத்தனை உடுப்பு போட்டாலும் கை விறைக்கிறது, முதுகு மட்டும் வேர்க்கிறது. அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, ஸ்டாக்ஹோம்

வீட்டு வாசலில் நிற்கும்போது உங்களுக்குக் கதகதப்பாக இருந்தால், போட்டது அதிகம். கொஞ்சம் சிலிர்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் மிதித்தால் சரியாகிவிடும்.

தோலை ஒட்டி மெல்லிய கம்பளி பனியன். காட்டன் கூடவே கூடாது, அது வேர்வையைக் குடித்துக்கொண்டு முதுகில் ஈரத் துணியாக ஒட்டி நிற்கும். அதற்கு மேல் ஓர் அடுக்கு, வெளியே காற்று புகாத, ஆனால் கழுத்தில் திறந்துகொள்ளக்கூடிய ஜாக்கெட். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் வையுங்கள், பாதி வேர்வை அதிலேயே போய்விடும்.

கை வேறு கதை. மைனஸ் 10-இல் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எதிர்க்காற்றில் தோலுக்கு அது மைனஸ் 18 மாதிரி இருக்கும். மைனஸ் 20 என்றால் மைனஸ் 30. உடம்பு வேலை செய்கிறது, விரல் அசையாமல் கைப்பிடியில் கிடக்கிறது. அதனால் ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாக இருக்கும் பை மாதிரியான கையுறை சூடாக இருக்கும். அதைவிட நல்லது, ஹேண்டிலிலேயே மாட்டிவிடும் பெரிய உறை. உள்ளே மெல்லிய கையுறையோடு கையை நுழைத்தால் போதும். எங்கள் ஊரில் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கடல் பக்கத்திலிருந்து காற்று நேராக வந்து அடிக்கும். அந்த உறை வாங்கிய பிறகு பாலம் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. கால் விறைத்தால் இரண்டாவது காலுறை போடாமல், முதலில் ஷூவைப் பாருங்கள். இறுக்கமான ஷூவுக்குள் எத்தனை காலுறை போட்டாலும் ரத்தம் ஓடாது. தலைக்கு நம் ஊர் குரங்குக் குல்லா கொஞ்சம் மெல்லியதாகக் கிடைத்தால் ஹெல்மெட்டுக்குள் அருமையாக உட்காரும். ஹெல்மெட் வாரை அதற்கேற்றபடி தளர்த்திக்கொள்ளுங்கள்.

நான்கு வயசுப் பெண்ணைப் பின்சீட்டில் வைத்து டே கேருக்குக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, எஸ்போ

போகலாம், ஆனால் உங்கள் உடம்புச் சூட்டை வைத்து அவள் குளிரைக் கணக்கிடாதீர்கள். நீங்கள் மிதிக்கிறீர்கள், அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு வேர்க்கும் நேரத்தில் அவளுக்கு விறைக்கும். முழு உடலையும் மூடும் பனி உடுப்பு, காற்று புகாத கையுறை, காலுக்குக் கம்பளி. தொங்கும் துப்பட்டாவும் ஸ்கார்ஃப் முனையும் சக்கரத்தில் சிக்கும், கழுத்தோடு குழாய்போல மாட்டும் துணிதான் சரி. வழியில் ஒரு முறை நிறுத்தி மூக்கையும் கன்னத்தையும் பாருங்கள். ஓரிடம் மட்டும் வெளுத்து, மெழுகுபோல் இருந்தால் உடனே உள்ளே கூட்டிப்போய் உங்கள் உள்ளங்கையால் சூடேற்றுங்கள், தேய்க்காதீர்கள். சைக்கிள் சாய்ந்தால் அவளும் சேர்ந்து விழுவாள் என்பதால், வழுக்கும் நாட்களில் பின்சீட்டைவிட, சைக்கிளின் பின்னால் கோத்து இழுக்கும் தாழ்வான பிள்ளை வண்டி நல்லது. பிள்ளையோடு போவதென்றால் இரண்டு சக்கரத்திலும் ஆணி டயர் இருந்தே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சொந்தக்காரர்கள், ‘கார் வாங்கக்கூட வசதியில்லையா’ என்று கேட்கிறார்கள். மனசு கஷ்டப்படுகிறது.
– வாசகர், ஹெல்சின்கி

கஷ்டமாகத்தான் இருக்கும். வெளிநாடு போனவன் கார் வைத்திருக்க வேண்டும் என்பது நம் ஆட்கள் மனதில் ஊறிப்போனது. ஊரில் சைக்கிளை விட்டுப் பைக், பைக்கை விட்டுக் கார் என்று ஏறித்தானே எல்லாரும் வந்தோம். எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஒரே கம்பியில் சைக்கிளைப் பூட்டுகிறார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது, அலுவலக வாசலுக்கு ஒரு முறை அழைத்துக்கொண்டு போய் அந்த வரிசையைக் காட்டுங்கள். எனக்கு அது பலன் தந்தது, என் சித்தப்பா அன்றைக்கே ஒரு சைக்கிள் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தார்.

ஊட்டியில் எஸ்டேட் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறேன். ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. எனக்கும் ஆணி டயர் வேண்டுமா?
– வாசகர், உதகமண்டலம்

வேண்டாம். அங்கே உறைபனி பெரும்பாலும் பள்ளத்துப் புல்வெளியில்தான் படியும், சாலை தாராகவே இருக்கும். வெறும் தாரில் ஆணி டயர் பிடிப்பைக் குறைக்கத்தான் செய்யும். உங்கள் சிக்கல் இறக்கம். மிதிக்காமல் வேகமாக இறங்கும்போது உடம்பில் சூடு உண்டாவதில்லை, காற்று மட்டும் அடிக்கும். விறைத்த விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். இறக்கத்துக்கு முன்னால் நிறுத்திக் கையுறையை மாட்டுங்கள். ஈரமான யூகலிப்டஸ் இலை கிடக்கும் வளைவில் கவனம். மூடுபனியில் பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

எந்த நாளில் சைக்கிளை எடுக்கவே கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்களா?
– வாசகர், உமேயோ

வைத்திருக்கிறேன். மழையாக விழுந்து தரையைத் தொட்டதும் உறைகிற நாள், அதுதான் முதல். அன்று சரளையின் மேலேயே கண்ணாடி போர்த்தியிருக்கும், ஆணி டயரை நம்பியும் நான் இறங்குவதில்லை. அடுத்தது, காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருக்கும் நாள். ஆஸ்துமா உள்ளவர்கள் கடுங்குளிரில் மிதிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள், குளிர்ந்த உலர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மற்றவர்களும் மூக்கு வாயை மூடிக்கொண்டு, பேச்சு வரும் அளவு வேகத்தில் போவது நல்லது. மைனஸ் 25-க்குக் கீழே போனால் நான் பஸ்ஸில் போகிறேன். என்னுடன் வேலை செய்யும் பின்லாந்துக்காரர்கள் சிலர் அப்போதும் வருகிறார்கள், அது அவரவர் விருப்பம்.

காலையில் பாதை நன்றாக இருந்து, மாலையில் கெட்டுப்போகும் நாளும் உண்டு. அதற்காகவே வேலையிடத்து மேசையில் ஒரு பஸ் கார்டும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையும் வைத்திருக்கிறேன். சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வந்துவிடுங்கள். மறுநாள் சரளை தூவிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.